ஏழாவது ரீல்

அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால், அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்து நிற்கிற மனிதர் அந்த வழியிலேயே ஒருவர்தான் இருந்தார். சாஹுல் ஹமீது என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் மட்டும் தள்ளி, அந்தச் சதுரத்துக்குள்ளால் வெளியே பார்க்கத் தொடங்குவார். முழுதாகத் திறந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று யாரும் கேட்டால் சிரிப்பார். பதினொரு வருடம் தியேட்டர் ஒப்பரேட்டராக இருந்தவர். சுவரில் ஒரு துவாரம், அதற்குள்ளால் ஒரு வெளிச்சம், வெளிச்சத்துக்கு அந்தப்பக்கம் உலகம். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முழு ஜன்னல் கொஞ்சம் அதிகம்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறும்போது மகாவலிக்கு மேல் பனி படுத்துக் கிடக்கும். ஆறு தெரியாது. பாலம் அந்தரத்தில் போவதுபோல இருக்கும். அந்த அரை நிமிடத்தில் ஹமீது பஸ்ஸில் இருக்கமாட்டார். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு கப்பலில் இருப்பார். பாலம் முடிந்ததும் சோதனைச் சாவடி வரும், எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டவேண்டும், கப்பலும் கலைந்துபோகும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. யுத்தம் வடக்கில் நடந்தது, அதன் வால் கண்டி வரைக்கும் நீண்டிருந்தது.

அந்தக் கப்பல் வந்த கதையைச் சொல்லாமல் ஹமீதைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம், கண்டி பூரணி தியேட்டருக்கு ஓர் இங்கிலீசுப் படம் வந்தது. அதன் உண்மைப் பெயர் ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஒரு வாரத்துக்குள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அது ஒன்பது விளக்குப் படமாகிவிட்டது. தூரத்து உலகமொன்றுக்குப் போய்த் திரும்பும் கப்பல். அதில் ஓர் அறை. அறையின் சுவரில் ஒன்பது கண்ணாடி விளக்குகள். ஆளுக்கொரு விளக்கு. ஆளின் மூச்சு நின்றால் அவனுடைய விளக்கும் நின்றுவிடும். கப்பலில் ஓரின் என்றொரு மெக்கானிக் இருந்தான். சிரித்த முகம், வாய் ஓயாத தீனி, கப்பலில் எந்த மூலையில் எந்த ஆணி கழன்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் ஒருநாள் கப்பலுக்கு வெளியே பழுது பார்க்கப் போய், கயிறு அறுந்து, இருட்டுக்குள் மிதந்து போய்விடுவான். அவனுடைய விளக்கு அணையும்.

பிறகு ஓரின் திரும்பி வருவான். எப்படி வந்தான் என்று படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த காட்சியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளின் தட்டிலிருந்து ரொட்டியைத் திருடித் தின்றுகொண்டிருப்பான். அவ்வளவுதான், பூரணி தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டும். கடைசியில் கப்பல் ஊர் வந்து சேரும். எல்லோரும் முகமூடித் தொப்பியோடு இறங்கிப் பனிக்குள் நடந்து போவார்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியாது.

இப்படித்தான் கண்டி அந்தப் படத்தைப் பார்த்தது. உலகத்தில் வேறெந்த ஊரும் அதை இப்படிப் பார்க்கவில்லை.

விசயம் இதுதான். கொழும்பிலிருந்து படப்பெட்டி ரயிலில் வந்த அன்று கண்டியில் நல்ல மழை. எட்டு ரீல், எட்டுத் தகர டப்பா, எல்லாம் நனைந்திருந்தன. ஹமீது மூடிகளைக் கழற்றிப் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தால் துடைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். இலக்கம் மூடியில்தான் இருந்தது. ஆறாம் மூடி ஏழாம் ரீலுக்கும், ஏழாம் மூடி ஆறாம் ரீலுக்கும் போய்விட்டன. ரீலின் நுனியிலும் இலக்கம் இருப்பது வழக்கம். பல ஊர் ஓடித் தேய்ந்த பிரதி, நுனியெல்லாம் கிழிந்திருந்தது. ஓரின் சாப்பிடுவது ஆறாம் ரீல். சாவது ஏழாம் ரீல். பூரணியில் அவன் முதலில் செத்தான், பிறகு சாப்பிட்டான். மேசையில் அவன் ஏதோ நீளமாகச் சொல்வான்தான். ஆனால் அந்தக் காட்சி முழுக்க எஞ்சின் உறுமல், போதாததற்கு அமெரிக்க இங்கிலீசு. தான் தப்பி வந்த கதையைச் சொல்கிறான் என்று சபை முடிவு செய்துகொண்டது.

ஆறாம் நாள் ரிவைண்ட் செய்யும்போது, ஆறாம் மூடி போட்டிருந்த ரீலின் அடிவாலில் யாரோ கீறி வைத்திருந்த ஏழு என்ற இலக்கம் ஹமீதின் விரலில் தட்டுப்பட்டது. அன்று பகற்காட்சியில் ஒழுங்காகப் போட்டார். ஓரின் சாப்பிட்டான், போனான், செத்தான், வரவில்லை. சனம் கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்துபோன மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறியது. இரண்டாம் தடவை பார்க்க வந்த பத்துப் பதினைந்து பேர் நேரே முதலாளி இராமகிருஷ்ணனின் அறைக்குள் புகுந்தார்கள்.

"என்னப்பா இது, அவன் திரும்பி வர்ற சீனை வெட்டிப்புட்டியாமே? ஆளுங்க கத்துறாங்க," என்று முதலாளி மேலே ஏறி வந்தார்.

"வெட்டல்ல முதலாளி."

"அப்ப பழையபடி போடு. நேத்துவரைக்கும் வந்தவன் இன்னிக்கு ஏன் வரமாட்டேங்கிறான்?"

ஹமீது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, பழையபடி போட்டார். முதலாளிக்குப் பயந்து என்று பிற்காலத்தில் தன்னையே ஏமாற்றிப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது. செத்தவனைத் திருப்பிக் கொண்டுவருகிற சின்ன வேலை தன் கையில் இருப்பது பிடித்திருந்தது. சுவர்த் துவாரத்தில் கண்ணை வைத்து, கீழே ஐந்நூறு தலைகள் ஒன்றாக நிமிர்வதைப் பார்ப்பார்.

ஐந்து வாரம் ஓடியது. ஜூலைக் கடைசியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. பூரணியை எரித்தார்கள். மெஷின், திரை, கதிரைகள், எட்டு ரீல், எல்லாம் ஒரு பிற்பகலில் போய்விட்டன. முதலாளி திருச்சிக்குப் போனவர் திரும்பவேயில்லை. ஹமீது மார்க்கட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ரேடியோ, டீவி திருத்துகிற சின்னக் கடை போட்டார். படத்தின் உண்மை ஒழுங்கு தெரிந்த ஒரே ஆளாகக் கண்டியில் அவர் மிஞ்சினார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஒரு பெண் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு வந்தாள். செசிலியா. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தகப்பன் தபால் கந்தோரில் வேலை பார்த்துக் கண்டியிலேயே ஊன்றியவர். கெலிஓயாவில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிய ஹமீது உள்ளே பார்த்துத் திகைத்துப்போனார். யாரோ ஒன்பது குட்டிச் சிவப்பு விளக்குகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

"என்ர தம்பி செய்தது. அமலதாஸ். பேராதனையில எஞ்சினியரிங் படிச்சவன்," என்றாள் அவள். "ஒரு படம் பாத்தாப் பிறகு பிடிச்ச பைத்தியம். பூரணியில ஓடினது. ரெண்டு பேரும் ஏழு தரம் பாத்தனாங்கள்."

தம்பி இப்போது எங்கே என்று ஹமீது கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. முந்தின வருடம் ஜூலையில், கம்பஸ் மூடியிருந்த நேரம், மாமியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறியவன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஆறு பேரை இறக்கினார்கள். பஸ் அவர்கள் இல்லாமல் புறப்பட்டது. அதற்குப் பிறகு கடிதமில்லை, தகவலில்லை, எந்தப் பட்டியலிலும் பெயருமில்லை.

"வருவான். விளக்கு அணைஞ்சவனே வந்தவன்தானே," என்று சொல்லி அவள் சிரித்தாள்.

சோல்டரிங் கம்பி ஹமீதின் விரலைச் சுட்டது. அவர் அதை உணரக்கூட இல்லை.

அந்தச் சிரிப்பைப் பதினாறு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏனென்றால் செசிலியா ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். அவளுக்கு முன்பே விமலநாதன் வந்துகொண்டிருந்தார். அரசாங்கத் திணைக்களமொன்றில் வரைபடம் கீறுகிறவர், கல்யாணம் கட்டாதவர், ஒன்பது விளக்கைப் பதினொரு தரம் பார்த்தவர். மூன்று பேரும் மூடிய கடைக்குள் உட்கார்ந்து, ஹமீதின் மனைவி ஆஸியா உம்மா கட்டிக் கொடுக்கிற பட்டிஸைத் தின்று, பிளேன்டீ குடித்து, இல்லாமல் போன ஒரு படத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். ஓரின் எப்படித் திரும்பினான்? கப்பலின் வால் பக்கம் தொங்கிய இரண்டாவது கயிற்றைப் பிடித்துத்தான் என்பது விமலநாதனின் கட்சி. இதை நிரூபிக்கவென்றே முழுக் கப்பலையும் அளவுப்படி ட்ரேசிங் தாளில் கீறி வைத்திருந்தார். வந்தான், வந்ததற்குக் காரணம் எதற்கு என்பது செசிலியாவின் கட்சி. ஆனால் ஒரு கேள்வியில் இரண்டு பேரும் தடுக்கி விழுவார்கள். அவன் வந்த பிறகு விளக்கறையை ஏன் காட்டவில்லை? அவனுடைய விளக்குத் திரும்பப் பற்றியதா, இல்லையா?

"நானா, நீங்கள்தானே போட்டுக் காட்டின ஆள். நீங்கள் சொல்லுங்கோவன்," என்பாள் செசிலியா, முஸ்லிம் அண்ணன்மாரைக் கண்டியில் அழைக்கிறபடி.

"எனக்கென்ன தெரியும் டீச்சர். நான் மெஷின்ல எரியிற கார்பன் குச்சியப் பாத்தா படத்தப் பாக்கேலா," என்று சொல்லி ஹமீது தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

அந்தப் பிற்பகல்களில் சண்டை ஒரு கட்டத்தில் தானாகவே அடங்கும். வெளியே குட்செட் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் தூரத்து எஞ்சின் ஒலியாகக் கேட்கும். தகரக் கதவின் ஓட்டையால் வருகிற வெயில் கோட்டில் தூசு மிதக்கும். அந்தத் தூசைப் பார்த்தபடி மூன்று பேரும் எங்கெங்கோ போய்வருவார்கள்.

இப்படியிருக்கையில்தான் படத்தைப் புதிதாக எடுத்துவிட்டார்கள். இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில் விமலநாதன் அதன் கள்ள டிஸ்க்கை நடைபாதைக் கடையில் கண்டுபிடித்து, தங்கக் கட்டியைக் கொண்டுவருகிறவரைப்போல ஓட்டமும் நடையுமாக வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் போட்டார்கள். முடிந்தபோது செசிலியாவின் முகம் சிவந்திருந்தது.

புதுப்படத்தில் ஓரின் சாப்பிட்டான், போனான், செத்தான். வரவில்லை.

"நாசமாக்கிப் போட்டாங்கள்!" என்றாள். "முதல்ல கப்பலைப் பாருங்கோ. பழையது பிலாக்காய் மாதிரிக் கட்டியும் முட்டியுமா எவ்வளவு வடிவு. இது சவர அலகு."

"காத்தில்லாத இடத்தில வடிவம் என்னவா இருந்தாலென்ன," என்றார் விமலநாதன். "ஆனா உள் அமைப்பைப் பாருங்கோ ரீச்சர், ஒவ்வொரு பாதையும் ஒழுங்கா ஒண்டோடொண்டு பொருந்துது. பழைய கப்பல்ல சமையலறைக்குப் போக எஞ்சினுக்குள்ளாலயெல்லோ போகவேணும். கீறிப் பாத்தனான், எனக்குத் தெரியும்."

"விளக்கு? அதுக்கென்ன சொல்லுறியள்?"

விளக்கில்தான் பெரிய சண்டை. பழைய படத்தில் விளக்கு ஓர் அறையில் மட்டும் இருந்தது. புதுப்படத்தில் கண்ணாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு சுவரிலும், சமையலறையில்கூட, ஒன்பது நீலக் கோடுகள் மினுங்கிக்கொண்டிருந்தன.

"அந்த அறைக்கு நடந்து போகவேணும். போய்ப் பாத்தால்தான் ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு தெரியும். அந்த நடைதான் படம்," என்றாள் செசிலியா. "இதில ஒருத்தரும் நடக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் எல்லாம் உடன தெரியுது. அப்படி எங்கயாவது இருக்கோ?"

அவள் பதினேழு வருடமாக நடந்தவள். பொலிஸ், முகாம், செஞ்சிலுவை, ஆணைக்குழு, எல்லா அறைகளுக்கும்.

ஒக்டோபரில் ஒரு கூத்து நடந்தது. விமலநாதன் தன்னுடைய கப்பல் வரைபடத்தைக் குழாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு வர, பாலத்துச் சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழன், கையில் நீளக் குழாய், அதற்குள் அளவு போட்டுக் கீறிய ஏதோ ஓர் இயந்திரம். இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். கடைசியில் ஒரு வயதான சார்ஜன்ட் வந்து தாளை விரித்துப் பார்த்தார். ஒன்பது வட்டங்களை விரலால் எண்ணினார். பூரணியில் ஓடிய படம்தானே, அந்த மெக்கானிக் திரும்பி வந்தானே, என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக் கொடுத்தாராம். விமலநாதன் வந்து இதைச் சொன்னபோது செசிலியா கைகொட்டிச் சிரித்தாள். ஹமீதுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. துவக்கு வைத்திருக்கிறவன்கூட நம்பிவிட்டானே என்று நினைத்தார்.

அதே மாதம் செசிலியாவின் கைப்பைக்குள் ஒரு கடுதாசி வந்து சேர்ந்தது. கிராம சேவகர் கொடுத்தது. காணாமற்போன அமலதாஸை இறந்தவராகப் பதிவுசெய்ய நெருங்கிய உறவினரின் சம்மதம் தேவை. தாயும் தகப்பனும் இல்லாதபடியால் அக்கா கையெழுத்து வைக்கவேண்டும், டிசம்பர் முடிவதற்குள். இனிமேல் விசாரித்து அலையவேண்டியதில்லை என்று கிராம சேவகர் அன்பாகத்தான் சொன்னாராம். அவள் அதை நான்காக மடித்து வைத்திருந்தாள்.

"வைக்கமாட்டன். எங்கட ஓரின் வந்தவன்," என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஹமீது மெலிந்துகொண்டே போனார். தான் மாற்றிப் போட்ட ஒரு மூடியினால் ஒரு மனுசி பதினேழு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்ற எண்ணம், தொழுகையில் நின்றால் தொழுகையில் வந்தது, சாப்பாட்டில் இருந்தால் சாப்பாட்டில் வந்தது.

படம் எடுத்தவர்களைக் கேட்டே தீருவது என்று ஒருநாள் மூவரும் தீர்மானித்தார்கள். உண்மையில் இரண்டு பேர்தான் தீர்மானித்தார்கள். செசிலியா சொல்லச் சொல்ல, விமலநாதன் இங்கிலீசில் எழுதி, இன்டர்நெற் கடையொன்றிலிருந்து அந்தப் படத்தின் ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் போட்டார். இலங்கை, கண்டியிலிருந்து எழுதுகிறோம். ஓரின் திரும்பி வரும் காட்சியை ஏன் நீக்கினீர்கள்? அதுதானே படத்தின் உயிர்?

நவம்பர் மாதம் இரண்டாம் ஞாயிறு. வழமைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே விமலநாதன் வந்துவிட்டார். கையில் அச்சடித்த தாள்.

"நானா, பதில் வந்திட்டுது. நாப்பத்தியொரு பேர் எழுதியிருக்கினம். பழைய படத்திலயும் ஓரின் வரேல்லையாம். அப்படியொரு காட்சியே இல்லையாம். எங்களுக்கு விசரோ எண்டு ஒருத்தன் கேட்டிருக்கிறான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் பாத்தனாங்கள்தானே, நானா?"

ஹமீது முக்காலியில் உட்கார்ந்தார். மழை, சாரம், மூடி, எல்லாவற்றையும் சொன்னார். இருபத்து நான்கு வருடம் வயிற்றுக்குள் கிடந்தது நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. விமலநாதன் மூலையில் சாத்தி வைத்திருந்த தன் கப்பல் வரைபடக் குழாயைப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் இல்லாத கயிறையோ கீறினனான்," என்றார். அடுத்த நிமிடம் எழுந்து, பதில்களை அச்சடித்த தாளை நாலாகக் கிழித்தார். "ரீச்சருக்குச் சொல்லக்கூடாது. பதில் வரேல்லையெண்டு நான் சொல்லுறன்."

எதையும் அளந்து நிரூபிக்கவேண்டும் என்று எப்போதும் உண்மைக் கட்சியில் நின்றவர் விமலநாதன். ஹமீது அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இல்ல ஐயா. டீச்சர் அந்தப் பேப்பர்ல கையெழுத்து வெக்கிறதும் வெக்காததும் அவங்கட விருப்பம். என்ட மூடிய நம்பி வெக்காம இரிக்கக்கூடாது. அந்தப் பாவம் எனக்கேலா."

செசிலியா வந்தாள். மழையில் நனைந்த குடையைக் கதவுக்கு வெளியே விரித்து வைத்துவிட்டு, "பதில் வந்ததோ?" என்றாள். விமலநாதன் சுவரைப் பார்த்தார். ஹமீது நின்றபடியே சொன்னார், இந்தத் தடவை அழுதுகொண்டு சொன்னார். ஆறாம் ரீல், ஏழாம் ரீல், முதலாளி, கைதட்டல். தனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப, அவன் சாப்பிட்டது முதல்லதான்," என்றாள் கடைசியில்.

"ஓம் டீச்சர்."

"ரொட்டி களவெடுத்ததும்."

"ஓம்."

"தம்பி அந்த இடத்தில என்ர பொப்கோர்னைக் களவெடுப்பான். ஒவ்வொரு தரமும்." பிறகு ஹமீதை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு நிக்கிறியள். நானா, நான் உங்கட படத்தை நம்பியோ இருந்தனான்? அவன் என்ர தம்பி. படமே பாக்காட்டிலும் இருந்திருப்பன். சும்மா அவன்ர பேரைச் சொல்லிக்கொண்டிருந்தா சனத்துக்கு அலுத்துப்போகும். படத்தைச் சொன்னா நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்பியள்."

விமலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹமீது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"புதுப்படத்தைப் போடுங்கோ," என்றாள் அவள். "உங்கட ஒழுங்கில."

டிஸ்க்கில் படம் பதினாறு துண்டாகப் பிரித்திருந்தது. மரணம் பன்னிரண்டு, சாப்பாடு பதினொன்று. ஹமீது ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து முதலில் பன்னிரண்டைப் போட்டார். கயிறு அறுந்தது. ஓரின் மிதந்து போனான். ஒன்பது நீலக் கோடுகளில் ஒன்று இருண்டது. அங்கே நிறுத்தி, பதினொன்றை அழுத்தினார்.

சாப்பாட்டு மேசை. ஓரின் ரொட்டியைத் திருடினான். அவன் தலைக்குப் பின்னால், அவர்கள் மாதக்கணக்காகத் திட்டித் தீர்த்த அந்தச் சுவரில், ஒன்பது கோடுகளும் எரிந்துகொண்டிருந்தன.

"பாருங்கோ," என்றார் விமலநாதன் மெல்ல. "பத்திட்டுது."

இருபத்து நான்கு வருடச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. கடைக்குள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழையும் பஸ்களும் ஒரே இரைச்சலாகி, கடை தரையை விட்டுக் கிளம்பிவிட்டது போலிருந்தது. ஹமீதுக்கு முன்னால் ஐந்நூறு தலைகள் நிமிர்ந்தன. அவற்றில் ஒன்று, அக்காவின் மடியிலிருந்து பொப்கோர்ன் எடுக்கிற பதினைந்து வயதுத் தலை. அப்படியே இருந்திருந்தால் அவருக்குப் போதும்.

ஆனால் டிஸ்க்குக்கு மூடி கிடையாது. பதினொன்று முடிந்தால் அது தானாகப் பன்னிரண்டுக்குத்தான் போகும். பதின்மூன்றுக்குத் தாண்டவேண்டும். ஹமீதின் பெருவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது. மேசையில் ஓரின் எழுந்துவிட்டான், வெளியே போகிற உடுப்பை மாட்டுகிறான்.

"அமத்தாதேங்கோ," என்றாள் செசிலியா. "ஓடட்டும்."

ஓடியது. ஓரின் போனான். கயிறு அறுந்தது, நீலக்கோடு அணைந்தது. கப்பல் ஊர் வந்து சேர்ந்தது. இந்தப் படத்தில் தொப்பி இல்லாமல் இறங்கினார்கள், எண்ண முடிந்தது. அவள் விரல்விட்டு எண்ணினாள். எட்டு. அவள் அழுதாள், இத்தனை வருடத்தில் அவர்கள் முன்னால் முதல் தடவையாக அழுதாள். ஹமீது எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

குடித்து முடித்ததும் அவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த கடுதாசியை எடுத்து மேசையில் விரித்தாள். விமலநாதனின் சட்டைப்பைக்குக் கை நீட்டிப் பேனையை வாங்கினாள். தான் வாய் திறந்ததால்தானே இது என்று ஹமீது நினைத்தார்.

அவள் கையெழுத்து வைக்கும் இடத்தில் எழுதவில்லை. ஓரத்து வெள்ளையில், கணக்கு ரீச்சரின் நேர் எழுத்தில், நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து மற்றவர்களின் பக்கமாகத் தாளைத் திருப்பினாள். ஹமீது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'ஆறாவது ரீல் வரைக்கும் நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி பஸ்ஸில் ஏறினான், சிரித்தான், கை காட்டினான். ஏழாவது ரீல் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டட்டும். அதற்குப் பிறகு கையெழுத்து வைக்கிறேன்.'

"கிராம சேவகருக்கு விளங்குமோ தெரியேல்லை," என்றார் விமலநாதன்.

"விளங்கவேண்டிய ஆக்களுக்கு விளங்கும்," என்று சொல்லி, அவள் தாளைப் பழையபடி நான்காக மடித்தாள்.